253: மலையேறுபவர்கள் ஆய்வுக்கட்டுரை படிக்கப் பழகிய கதை

ரொறன்ரோவில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் சுவர் ஏறப் பழக்குகிறேன். சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு முடித்து, பின்னேரம் அதே புத்தகப் பையோடு கிளைமிங் ஜிம்முக்கு வரும் பிள்ளைகள் சிலர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்குப் போன குளிர்காலத்தில் 14 வயது. கெட்டிக்காரி. ஒரு பாதையில் விழுந்தால் தண்ணீர் குடித்துவிட்டு உடனே திரும்பப் போய் நிற்பாள்.

அவளுக்குப் போட்டிகளில் ஏற ஆசை. அவளைவிட எனக்கு ஆசை. இணையத்தில் தேடி ஒரு ஆய்வுக்கட்டுரையைப் பிடித்தேன். ஹாங்போர்ட் என்பது விரல் நுனிகளால் தொங்கிப் பழகும் ஒரு மரப்பலகை. அதில் சில வாரங்கள் எடை சேர்த்துத் தொங்கினால் விரல்களின் பலம் கூடும் என்று கட்டுரையின் சுருக்கத்தில் இருந்தது. அந்தச் சுருக்கத்தை மட்டும்தான் வாசித்தேன். கடைசி வரியை வைத்து ஒரு பயிற்சி அட்டவணை போட்டு அவளிடம் கொடுத்தேன். "இது ஆய்விலேயே நிரூபிச்சது" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

ஏழாவது கிழமை அவள் வந்து, "அக்கா, இந்த விரல் மட்டும் நோகுது" என்று நடுவிரலின் நடு மூட்டைக் காட்டினாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைக்குக் கிட்ட வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். அதில் வெடிப்பு. மாதக்கணக்கில் சுவரில் கை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா என்னோடு கோபப்படவில்லை. "உங்களை நம்பித்தானே பிள்ளையை விட்டனாங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்ரி கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு அந்தக் கட்டுரையை முதல்முறையாக முழுவதும் வாசித்தேன். அதில் பங்கேற்ற எல்லோரும் வளர்ந்தவர்கள், பல வருடங்கள் ஏறிப் பழகியவர்கள். ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, செய்முறைப் பகுதியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். கட்டுரை பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றை, அது சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. எனக்கு முன்பு மலை ஏறியவர்கள் அறிவியலை எப்படி வாசித்தார்கள்? தேடிப் போனபோது எவரெஸ்ட்டின் கதை ஒன்று கிடைத்தது. 60 வருடம் நீண்ட கதை. கதையின் நடுவில் இருப்பது ஒரே ஒரு எண். அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மறந்துபோன கட்டுரை

அலெக்சாண்டர் கெல்லஸ் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு வேதியியல் படிப்பித்தவர். விடுமுறை கிடைத்தால் இமயமலைக்குப் போய்விடுவார். 1911இல் சிக்கிம் எல்லையில் உள்ள பௌஹுன்ரி என்ற 7,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரத்தில் ஏறினார். பெரிய குழுக்கள் எதுவும் அவரோடு போகவில்லை. அந்தப் பகுதி மக்களோடுதான் ஏறினார். ஷெர்பாக்களின் திறமையை முதலில் புரிந்துகொண்ட வெளிநாட்டவர்களில் அவரும் ஒருவர்.

அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது: சிலிண்டரில் அடைத்த ஒட்சிசன் இல்லாமல் ஒரு மனிதரால் எவரெஸ்ட் உச்சிக்குப் போக முடியுமா? அப்போது எவரெஸ்ட்டின் அடிவாரத்தையே வெளிநாட்டு மலையேறிகள் யாரும் நெருங்கியிருக்கவில்லை.

கேள்வியின் அடிப்படை சுலபமானது. காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 வீதம். கடற்கரையிலும் அதே வீதம்தான், எவரெஸ்ட்டிலும் அதே வீதம்தான். குறைவது காற்றின் அமுக்கம். கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீற்றர் பாதரசம். மேலே போகப் போக எங்கள் தலைக்கு மேல் உள்ள காற்றின் அளவு குறையும், அமுக்கமும் குறையும். அமுக்கம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஒட்சிசனும் குறையும். ஆகவே உச்சியில் அமுக்கம் எவ்வளவு என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கெல்லஸ் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு சூத்திரத்தால் கணக்குப் போட்டார். விடை 251. அந்த அமுக்கத்தில் ஒரு மலையேறியின் உடம்பு நிமிடத்துக்கு 970 மில்லிலீற்றர் அளவு ஒட்சிசனைப் பயன்படுத்த முடியும் என்றும், உச்சிக்குக் கிட்ட ஒரு மணித்தியாலத்தில் 300 முதல் 350 அடிவரை ஏறலாம் என்றும் கணித்தார். நல்ல உடம்பும் மனமும் நல்ல பயிற்சியும் உள்ள ஒருவரால், மலையின் பாறையும் பனியும் மிகக் கடினமாக இல்லாவிட்டால், ஒட்சிசன் இல்லாமல் ஏறமுடியும் என்பது அவருடைய முடிவு.

அந்த முடிவில் எத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். யாரால் முடியும், எப்படித் தயாரானால் முடியும், மலை எப்படி இருந்தால் முடியும் என்று எல்லாம் சொல்லித்தான் "முடியும்" என்கிறார். நல்ல ஆய்வாளர் எழுதும் விதம் இதுதான். அவசரமாக வாசிப்பவர் முதலில் தவறவிடுவதும் இந்த நிபந்தனைகளைத்தான்.

கெல்லஸின் கட்டுரை ஒரு மலையேற்ற மாநாட்டின் தொகுப்பில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆங்கில மூலம் 2001 வரை அச்சில் வரவேயில்லை. கெல்லஸ் 1921இல் முதலாவது எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தார். திபெத்தின் கம்பா சொங் என்ற இடத்துக்குக் கிட்ட, 1921 ஜூன் 5ஆம் திகதி, நோய்வாய்ப்பட்டு வழியிலேயே இறந்துபோனார். அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவரோடு சேர்த்து அந்தக் கட்டுரையையும் உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

பிழையான வானம்

இந்தக் காலத்தில் விமானங்கள் வந்துவிட்டன. எல்லா விமானங்களின் உயரமானிகளும் ஒரே மாதிரி அளவு காட்ட ஒரு பொது அட்டவணை தேவைப்பட்டது. எந்த உயரத்தில் எவ்வளவு அமுக்கம் என்று சொல்லும் நியம வளிமண்டல அட்டவணையை உருவாக்கினார்கள். விமானிகளுக்கு அது மிக நல்ல அட்டவணை. இன்றும் பயன்படுகிறது.

1940களில் இருந்து உடலியல் ஆய்வாளர்கள் பலர் இதே அட்டவணையை மலைகளுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதன்படி எவரெஸ்ட் உச்சியில் அமுக்கம் 236.

அந்த அட்டவணை, பூமியின் 45 பாகை அகலக்கோட்டை ஒட்டிய வானத்தின் சராசரி. கனடாவில் இருப்பவர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால், அது ஏறக்குறைய மொன்றியலின் வானம். எவரெஸ்ட் இருப்பது 28 பாகையில், மொன்றியலைவிட மத்திய கோட்டுக்கு எவ்வளவோ கிட்ட. அங்கே வெயில் அதிகம். சூடான காற்று மேல்நோக்கி விரியும். அதனால் அங்கே ஒரே உயரத்தில் நின்றாலும் தலைக்கு மேல் இருக்கும் காற்று அதிகம், அமுக்கமும் அதிகம். மொன்றியலின் வானத்தை எடுத்து இமயமலைக்கு மேல் விரித்துவிட்டார்கள்.

251க்கும் 236க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைப்பீர்கள். ஆனால் நாங்கள் இழுக்கும் காற்று மூக்கிலும் தொண்டையிலும் ஈரமாகும்போது, அந்த நீராவிக்கே 47 போய்விடும். எந்த உயரத்திலும் அந்த 47 மாறாது. மிஞ்சியதில்தான் 21 வீதம் ஒட்சிசன். ஒருக்கால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் ஒட்சிசனின் பங்கு ஏறக்குறைய 149 வரும். 236 என்றால் 40ஐத் தாண்டாது. இவ்வளவு கீழே வந்தபிறகு ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் மதிப்பு உண்டு. 236 என்பது எவரெஸ்ட்டை அதன் உண்மையான உயரத்தைவிடச் சில நூறு மீற்றர் மேலே தூக்கி வைப்பதற்குச் சமம்.

கிரிஃபித் பியூ என்ற பிரித்தானிய உடலியலாளர் இதைக் கவனித்தார். 1953 மே 29ஆம் திகதி டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலரியும் ஒட்சிசன் சிலிண்டர்களோடு முதன்முதலாக உச்சியை அடைந்த பயணத்தில் பியூவும் இருந்தார். எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதையெல்லாம் அளந்து சொன்னவர் அவர். இமயமலையில் அமுக்கமானி காட்டும் அளவு அட்டவணையைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று 1957இலேயே எழுதினார். அட்டவணையின் 236ஐ எடுத்து எழுதியவர்கள் எல்லோரும் பியூவின் கட்டுரையை வாசிக்கவில்லை.

நீட்டி வரைந்த கோடு

1960-61இல் ஹிலரியும் பியூவும் சேர்ந்து ஒரு புதுமையான முகாமை நடத்தினார்கள். 5,800 மீற்றர் உயரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு குடிசை. குளிர்காலம் முழுவதும் ஆய்வாளர்கள் அதற்குள் இருந்து தங்கள் உடம்பையே அளந்தார்கள். நிலையான சைக்கிள் ஒன்றில் ஏறி மூச்சு வாங்க மிதிப்பார்கள், மற்றவர் மூச்சைப் பையில் பிடித்து அளப்பார். அந்தக் குழுவில் சுகமய் லாஹிரி என்ற இந்திய உடலியலாளரும் இருந்தார். பிறகு மக்காலு மலையின் கணவாய்க்கு, 7,440 மீற்றருக்கு, அந்தச் சைக்கிளைக் கொண்டுபோய் மைக்கேல் வோர்டும் ஜோன் வெஸ்ட்டும் அங்கேயும் மிதித்து அளந்தார்கள். அதற்கு முன்பு எந்த மலையிலும் அவ்வளவு உயரத்தில் யாரும் இப்படி அளந்தது இல்லை.

1964இல் அந்த ஆய்வு வெளிவந்தது. உயரம் கூடக் கூட உடம்பு பயன்படுத்தக்கூடிய ஒட்சிசன் எப்படிக் குறைகிறது என்று அதில் ஒரு வரைபு. 7,440 மீற்றரில் அளந்த புள்ளிகள் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் உச்சிவரை உள்ள 1,400 மீற்றரும் கோட்டை நீட்டிப் பார்த்த ஊகம். அந்தக் கோடு போய்ச் சேர்ந்த இடம் பயமுறுத்துவதாக இருந்தது. உச்சியில் உடம்புக்குக் கிடைக்கும் ஒட்சிசன், சும்மா படுத்திருந்து உயிர் வாழ்வதற்கே ஏறக்குறைய சரியாகப் போய்விடும் போலிருந்தது. நடக்க எதுவும் மிஞ்சாது.

ஆய்வாளர்கள் செய்ததில் பிழை இல்லை. அளந்த பகுதி எது, நீட்டிய பகுதி எது என்று வரைபைப் பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் வாய்வழியாகப் பரவும்போது "ஏறக்குறைய" என்ற சொல் விழுந்துவிட்டது. ஒட்சிசன் இல்லாமல் எவரெஸ்ட் முடியாது என்று அறிவியல் சொல்கிறது என்றார்கள். போனால் மூளை பழுதாகித்தான் திரும்பி வருவார்கள் என்றும் எச்சரித்தார்கள்.

இன்னொரு அளவும் அவர்கள் கையில் இருந்தது. 1924 ஜூன் 4ஆம் திகதி எட்வர்ட் நோர்ட்டன் ஒட்சிசன் இல்லாமல் 8,570 மீற்றருக்கு மேல் போய்த் திரும்பியிருந்தார். உச்சிக்கு 300 மீற்றர்கூட இல்லை. அவர் நடந்து போன உயரம் சைக்கிள் போகாத உயரம். ஒரு வரைபு உங்களை ஒரு பக்கம் இழுக்கும்போது, ஏற்கெனவே நடந்த உண்மை மற்றப் பக்கம் நின்றால், இரண்டையும் மேசையில் ஒன்றாக வைக்க வேண்டும்.

உச்சியில் ஒரு அமுக்கமானி

1978 மே 8ஆம் திகதி ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் ஒட்சிசன் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். கடைசி 100 மீற்றர் ஏற அவர்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மணித்தியாலத்துக்கு 300 முதல் 350 அடி என்று கெல்லஸ் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? 100 மீற்றர் என்பது 328 அடி. 1980 ஓகஸ்ட் 20ஆம் திகதி மெஸ்னர் தனியாளாக, வேறு பக்கத்தால், மீண்டும் ஒட்சிசன் இல்லாமல் ஏறினார்.

இப்போது அறிவியலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. நடக்காது என்று பலர் நம்பியது நடந்துவிட்டது. ஏன் நடந்தது? மக்காலு கணவாயில் சைக்கிள் மிதித்த ஜோன் வெஸ்ட், 20 வருடம் கழித்து, 1981இல், எவரெஸ்ட்டுக்கு ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வருடம் ஒக்டோபர் 24ஆம் திகதி அந்தக் குழுவின் மருத்துவர் கிறிஸ் பிஸ்ஸோ உச்சியில் நின்று, ஒட்சிசன் முகமூடியைக் கழற்றிவிட்டு, தன் மூச்சைக் குழாய்களில் பிடித்தார். அமுக்கமானியையும் வாசித்தார்.

253.

அட்டவணையின் 236 அல்ல. 60 வருடத்துக்கு முன்பு கெல்லஸ் போட்ட 251க்கு இரண்டே இரண்டு கூட. கீழ் முகாமில், உச்சியில் இருக்கும் அளவுக்கு ஒட்சிசனைக் குறைத்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்துச் சைக்கிள் மிதிக்க வைத்து அளந்தபோது, உடம்பு பயன்படுத்திய ஒட்சிசன் நிமிடத்துக்கு ஒரு லீற்றரைக் கொஞ்சம் தாண்டியது. கெல்லஸின் 970 மில்லிலீற்றருக்கு மிகக் கிட்ட. பிஸ்ஸோ பிடித்து வந்த மூச்சில் இன்னொரு செய்தியும் இருந்தது. கடல் மட்டத்தில் நுரையீரலில் 40 அளவில் இருக்கும் கரியமில வாயு, உச்சியில் 7 அல்லது 8க்கு இறங்கியிருந்தது. அவ்வளவு வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கித்தான் உடம்பு அங்கே தப்பிப் பிழைக்கிறது.

ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு நாளில் எடுத்த அளவை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அமுக்கம் ஆளுக்கு ஆள் மாறாது. அமுக்கமானி சரியாக இருந்தால் ஒரு தடவை வாசித்தாலே பெறுமதி உண்டு. வானிலை பலூன்களின் அளவுகளோடும் அது பொருந்தியது. 1990களில் எடுத்த அளவுகளும் இதற்குக் கிட்டவே வந்தன. விரல் பலம் அப்படி அல்ல. அது ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது, முதல்நாள் நித்திரைக்கு நித்திரை மாறும். ஒரு ஆய்வில் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்பு, எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பலூன்கள் இன்னொன்றும் காட்டின. உச்சியில் அமுக்கம் எப்போதும் 253 அல்ல. கோடையில் 255வரை ஏறும், நடுக் குளிர்காலத்தில் 243வரை இறங்கும். அப்படியென்றால் குளிர்காலத்தில் ஒட்சிசன் இல்லாமல் முடியாதா? 1987 டிசம்பர் 22ஆம் திகதி ஆங் ரீட்டா ஷெர்பா அதையும் செய்தார். அதுவரை எழுதப்பட்ட எண்களில் பல, சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பில் எடுத்தவை. ஷெர்பாக்களின் சுவாசம் எப்படி வேறுபடுகிறது என்று 1960களிலேயே லாஹிரியும் ஜேம்ஸ் மில்லெட்ஜும் எழுதத் தொடங்கியிருந்தார்கள். மலையின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஏறுபவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் சுவருக்குத் திரும்பி வருவோம்

இந்தக் கதையை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மொன்றியலின் வானத்தை இமயமலைக்கு விரித்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. வளர்ந்தவர்களின் விரலை எடுத்து ஒரு 14 வயதுப் பிள்ளையின் கையில் பொருத்தியவள் நான்.

நான் தேடியிருக்க வேண்டிய கட்டுரை வேறு. 2007இல் ஓட்ரி மொரிசனும் ஃபோல்கர் ஷோஃபலும் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில், வளரும் பிள்ளைகள் பாறை ஏறுவதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதினார்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடுமையான விரல் பலப் பயிற்சி வேண்டாம் என்பது அவர்களின் ஆலோசனை. நான் அட்டவணை போடுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அது அச்சில் இருந்தது. "விரல் பலம் கூட்டுவது எப்படி" என்று மட்டும் தேடினேன், அதனால் அது என் கண்ணில் படவில்லை. "வளரும் பிள்ளையின் விரலுக்கு எது பாதுகாப்பு" என்று தேடியிருந்தால் வந்திருக்கும். நாங்கள் கேட்கும் கேள்விதான் எந்தக் கட்டுரை எங்களிடம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே இப்போது நான் செய்வது இது. முதலில் கேள்வியை ஒரு முழு வசனமாக எழுதுவேன். யாருக்கு, எந்த வயதில், எதற்காக என்பதெல்லாம் அந்த வசனத்தில் இருக்க வேண்டும். பிறகு பப்மெட் என்ற இலவசத் தேடுதளத்துக்குப் போவேன். அந்தத் துறையில் வந்த பல ஆய்வுகளைத் திரட்டி எழுதிய மீளாய்வுக் கட்டுரை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். தனிக் கட்டுரை ஒரு மரம் என்றால் மீளாய்வு காட்டின் வரைபடம். முழுக் கட்டுரை பணம் கேட்டால், எழுதியவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். பலர் சந்தோசமாக அனுப்பிவிடுவார்கள்.

கட்டுரை கையில் வந்ததும் சுருக்கத்தை வாசித்துவிட்டு, முடிவுக்குத் தாவாமல், நேரே செய்முறைப் பகுதிக்குப் போவேன். எத்தனை பேர்? என்ன வயது? ஆண்களா, பெண்களா? எத்தனை வருடம் ஏறியவர்கள்? எத்தனை வாரம் நடந்தது? ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பயிற்சி செய்யாத இன்னொரு குழு இருந்ததா? இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதிவிட்டு, பக்கத்தில் எங்கள் பிள்ளையின் விபரத்தை எழுதுவேன். இரண்டும் எவ்வளவு தூரம் என்று பார்த்தபிறகுதான் முடிவை வாசிப்பேன்.

அடுத்தது, அளந்தது எது, நீட்டியது எது என்று பிரிப்பேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏறுபவர்களிடையே பிரபலமான ஒரு 2017 ஆய்வு இருக்கிறது. உடற்பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்பு விற்றமின் சி சேர்த்த ஜெலற்றின் குடித்துவிட்டு ஆறு நிமிடம் கயிறடித்தால், கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் ஒரு குறி இரத்தத்தில் இரண்டு மடங்காகிறது என்று அது சொன்னது. குடிப்பது உண்மையான ஜெலற்றினா, போலியா என்று குடித்தவருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. அது நல்ல செய்முறை. ஆனால் பங்கேற்றவர்கள் எட்டு ஆண்கள். அவர்கள் கயிறடித்தார்கள், சுவர் ஏறவில்லை. அளந்தது இரத்தத்தில் உள்ள ஒரு குறி. காயப்பட்ட விரல் ஆறியதா என்று யாரும் அளக்கவில்லை. "ஜெலற்றின் குடித்தால் விரல் சுகமாகும்" என்று ஜிம்மில் யாராவது சொன்னால், அவர்கள் மக்காலு கணவாயில் நின்றுகொண்டு எவரெஸ்ட் உச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த 1,400 மீற்றரை யாராவது அளக்க வேண்டும்.

கடைசியாக, கட்டுரையில் வரும் எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பேன். ஆய்வாளரே அளந்ததா, வேறு ஒரு அட்டவணையில் இருந்து எடுத்ததா? எடுத்தது என்றால் அந்த அட்டவணை யாருக்காக, எந்த வானத்துக்காகச் செய்தது? 236 அப்படித்தான் கட்டுரைக்குக் கட்டுரை தாவியது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஆய்வுகளையே நம்பக் கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கெல்லஸின் 251ஐயும் தந்தது அறிவியல்தான். 236ஐத் திருத்தியதும் அறிவியல்தான். மக்காலுவில் தன் குழு நீட்டிய கோட்டின் மிச்சத்தை அளக்க 20 வருடம் கழித்துத் திரும்பிப் போனார் வெஸ்ட். பிறகு கெல்லஸின் பழைய கட்டுரையைத் தேடி எடுத்து, இந்த மனிதர் சரியாகச் சொல்லியிருந்தார் என்று உலகத்துக்கு எழுதியதும் அவர்தான். அதை வாசித்துத்தான் நானும் கெல்லஸை அறிந்தேன்.

அவளுடைய விரல் ஆறிவிட்டது. மருத்துவர் சரி என்று சொன்னபிறகு, பெரிய பிடிகள் உள்ள சுலபமான பாதைகளில் தொடங்கி, மெதுவாகத் திரும்ப ஏறுகிறாள். ஹாங்போர்ட் பக்கம் நாங்கள் போவதில்லை. முதல் நாள் அவள் அம்மாவும் வந்து கீழே இருந்த வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், நான் வாசித்த விதம் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் அன்ரி என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன கிழமை ஒரு புதிய பயிற்சியைக் குழுவுக்கு விளங்கப்படுத்தினேன். "ஒரு ஆய்வில் இருக்கிறது" என்று தொடங்கியதுமே அவள் கையை உயர்த்தினாள்.

"அக்கா, அதில இருந்த ஆக்களுக்கு எத்தனை வயசு?"

தாளைப் பார்த்துச் சொன்னேன். இந்தமுறை எழுதி வைத்திருந்தேன்.